பாறையை அறுத்த மூச்சு

கிரேஞ்ச் ஓவர் சாண்ட்ஸ் என்ற ஊர் இங்கிலாந்தின் வடமேற்கில், மோர்கம் விரிகுடா ஓரத்தில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கினால் கண்முன் கடல் என்று நினைத்துப் போனால் அங்கே புல் வளர்ந்து கிடக்கிறது. நீரோட்டம் தடம் மாறியதில் கரையோரம் உப்புச் சதுப்பாகிவிட்டது. ஊருக்குப் பின்னால் ஹாம்ஸ்ஃபெல் என்ற குன்று, 220 மீட்டர் சொச்சம் உயரம். எக்கர்ஸ்லாக் காட்டுக்குள் புகுந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் உச்சி. தனியாகப் போனதில் ஒரு வசதி: நினைத்த இடத்தில் குத்தவைத்துத் தரையைப் பார்க்கலாம், "கிளம்பு கிளம்பு" என்று யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அந்தத் தரைக்காகத்தான் போனேன். மரங்கள் முடிந்ததும், யாரோ கல் பாவிவிட்டுப் பாதியில் போன மாதிரி, வெளிறிய சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய சுண்ணாம்புப் பாறைப் பலகைகள். இடையிடையே முழங்கால் ஆழத்துக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே போகும் பிளவுகள். பலகைக்கு அந்த ஊர்க்காரர்கள் கிளின்ட் என்கிறார்கள், பிளவுக்கு கிரைக். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்ததில் என் கால் ஒரு கிரைக்கில் இறங்கி, தோல் உரிந்தது, தப்பு என்னுடையதுதான்.

இந்தப் பாறை ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைப் பக்கம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தபோது, கிளிஞ்சல்களும் கடல் உயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது. பின்னர் பூமி நெளிந்ததில் பாறையில் மெல்லிய விரிசல்கள் விழுந்தன. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் மேலே நகர்ந்து, உதிரியாக இருந்ததையெல்லாம் சுரண்டி வழித்துவிட்டுப் போயின. மழுங்கச் சீவிய பாறைத் தளம் மிஞ்சியது.

சரி, பிளவுகள் எப்படி வந்தன? மழை அரித்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது போதவில்லை.

மழைத்துளி காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது, அதனால் லேசாகப் புளித்த தண்ணீராகிறது. கோலி சோடாவில் நாக்கைச் சுரீர் என்று கடிக்கிறதே, அதே கார்பானிக் அமிலம்தான், ஆனால் சோடாவோடு ஒப்பிட்டால் மிகமிக நீர்த்தது. இந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொண்டு போகும். வாயுவே இல்லாத சுத்தத் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும்; காற்றோடு கலந்து வந்த மழைநீர் 60 மில்லிகிராம் அளவில். (நம் வீட்டில் போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அது இதே வேதிவினை பின்னோக்கி ஓடுவது. சூட்டில் வாயு ஓடிவிடுகிறது, கல் திரும்பி வந்துவிடுகிறது.)

கிழக்கே யார்க்‌ஷயரில் நார்பர் என்ற இடத்தில், பனிப்பாறை தூக்கிவந்து போட்ட கருநிறப் பாறாங்கற்கள் சுண்ணாம்புப் பீடங்கள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கற்கள் குடை பிடித்ததால் அடியில் இருந்தது தப்பித்தது, சுற்றியிருந்தது கரைந்து இறங்கியது. அந்தப் பீடங்கள் ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. பனி விலகி 15,000 ஆண்டுக்கு மேலாகியும் திறந்த பாறை அவ்வளவுதான் தேய்ந்திருக்கிறது. கிரைக்குகளோ ஆளை விழுங்கும் ஆழத்துக்குக்கூட இருக்கின்றன. விரிசல் வழியே தண்ணீர் சேர்ந்து ஓடியது ஒரு காரணம். எனக்குப் பிடித்த காரணம் இன்னொன்று: மண்.

பனிக்குப் பிறகு இந்தக் குன்றை மண்ணும் மரமும் மூடின. மண்ணுக்குள் வேர்கள் மூச்சு விடுகின்றன, இலைச் சருகைத் தின்னும் நுண்ணுயிர்களும் விடுகின்றன, அந்த வாயு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. வெளிக் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்; மண் இடுக்குக் காற்றில் சாதாரணமாக 1 சதவீதம் வரை, அதற்கு மேலும் இருக்கும். 25 மடங்கு வாயு என்றால் கரைக்கும் திறன் 25 மடங்காகிவிடாது, கிட்டத்தட்ட 3 மடங்காகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அந்த 3 மடங்கு என்று யோசித்துப் பாருங்கள்.

கையால் தடவினாலே இது தெரிகிறது. விளிம்புகள் சோப்புக் கட்டி தேய்ந்தது போல வழவழவென்று உருண்டிருக்கின்றன. ஈர மண் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு அரித்த அடையாளம் அது. வெறும் மழையில் அரிபட்ட ஓரங்கள் கூராக, கையைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். மனிதர்கள் காட்டை வெட்டி ஆடு மேய்த்த பிறகு, மண் அந்தப் பிளவுகளுக்குள்ளேயே வழுக்கிக் காணாமல் போனது. உள்ளே குனிந்தால் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கிறது. மேலே காய்ந்த பாறை, ஒரு கை கீழே நாக்கு நாக்காக நீண்ட பெரணி. ஆட்டின் வாய் எட்டாத ஆழம் பார்த்து முளைத்திருந்தது.

உச்சியில் ஒரு சதுரக் கல் மண்டபம் உண்டு, 19ஆம் நூற்றாண்டில் பக்கத்து கார்ட்மெல் ஊர்ப் பாதிரியார் வழிப்போக்கர்களுக்காகக் கட்டியது. தூறல் பிடித்ததும் அதற்குள் ஒதுங்கினேன். குன்றின் மேல் ஓர் ஓடைகூடக் கண்ணில் படவில்லை, விழுந்த தண்ணீரெல்லாம் பிளவில் இறங்கிவிடுகிறது. வாசலுக்கு எதிரே இருந்த பலகையில் மட்டும் கிண்ணம் மாதிரி ஒரு குழி, அதில் பாசியும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த கலங்கல் தண்ணீர். அதற்குள்ளும் ஏதேதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தன, கிண்ணம் பெரிதாகிக்கொண்டிருந்தது.