கூம்புக்கு எதுக்குங்க தொகுதி? கன அளவுன்னு எழுதுங்க

"கூம்பின் தொகுதியைக் கணக்கிடுவது எப்படி", "உருளையின் தொகுதி சூத்திரம்". நெட்ல கணக்கு தேடினா எங்க பார்த்தாலும் இதான். பசங்க அதைப் பார்த்து நோட்லயும் அப்படியே எழுதுறாங்க.

ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்குதோ அதான் கன அளவு, இங்கிலீஷ்ல வால்யூம். லத்தீன்ல வோலுமென்னா சுருட்டி வச்ச ஏடு, அது அப்புறம் புத்தகம் ஆச்சு, புத்தகத்தோட பருமன் ஆச்சு, கடைசில எந்தப் பொருளோட பருமனுக்கும் அதே சொல்லாச்சு. புத்தகத்துக்கு முதல் தொகுதி, ரெண்டாம் தொகுதின்னு சொல்றது சரிதான். மொழிபெயர்க்கிற சாஃப்ட்வேர் அந்த அர்த்தத்தை எடுத்து கூம்புக்குப் போட்டுடுது, அதை ஒருத்தர் படிச்சுப் பார்த்துத் திருத்தாம பப்ளிஷ் பண்றதுதான் எனக்குக் கோவம்.

இன்னொண்ணு, கணக்குல தொகுதிங்கற சொல்லுக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கு. 3/4ன்னா மேல இருக்குற 3 தொகுதி, கீழ இருக்குற 4 பகுதி. கூம்போட கன அளவு 1/3 × பை × ஆரம் × ஆரம் × உயரம், இதுல தொகுதி எதுன்னு கேட்டா 1ன்னு சொல்ற பையன் சொல்றதும் சரிதானே?

சரி, தொகுதி வேணாம்னு சொன்னா உடனே கொள்ளளவுன்னு போடுறாங்க, அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கொள்ளளவுன்னா உள்ள எவ்வளவு கொள்ளும்ங்கறது. மேட்டூர் அணைக்கு 93.47 டிஎம்சி கொள்ளளவு, அது சரி. கெட்டியான இரும்பு குண்டு எதைக் கொள்ளும்? கிணத்துக்கு இறக்குற சிமெண்ட் உறையை எடுத்துக்கங்க. வெளி ஆரம் 60 செ.மீ, உள் ஆரம் 50, உயரம் 30ன்னு வச்சா, உள்ள நிக்கிற தண்ணி 3.14 × 2500 × 30, அதாவது 2,35,500 கன செ.மீ, லிட்டர்ல சொன்னா 235.5, இது கொள்ளளவு. உறைக்கான கான்கிரீட் 3.14 × (3600 − 2500) × 30, அதாவது 1,03,620 கன செ.மீ, இது கன அளவு. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா உறை போடுறவர் எதைப் பார்த்து சிமெண்ட் வாங்குவார்?

கனம் வடசொல்லாச்சே, பருமன்னு சொல்லலாமேன்னு தனித்தமிழ் நண்பர்கள் கேப்பாங்க. நல்ல சொல்தான், கெமிஸ்ட்ரில வால்யூமெட்ரிக் அனாலிசிஸுக்குப் பருமனறி பகுப்பாய்வுன்னே பேர் இருக்கு. ஆனா இப்ப பருமன்னா உடல் பருமன்தான் முதல்ல ஞாபகம் வருது, அதோட கன அடி, கன மீட்டர், கனச்சதுரம்னு ஒரு குடும்பமே கனத்தை வச்சு நிக்குது. இலங்கைலயும் கனவளவுதான். அதனால என் ஓட்டு கன அளவுக்கே, பருமன்னு எழுதுறவங்களோட எனக்குச் சண்டை இல்ல, தொகுதியை மட்டும் புத்தகத்துக்கும் பின்னத்துக்கும் விட்டுடுங்க.