ஸ்பெக்ட்ரம்: அலைக்கற்றையா, அலைவரிசையா?

பாம்பன் பக்கம் படகில் வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்குப் பதினாறாம் சேனலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உலகம் முழுக்க கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுகிற சேனல் அதுதான், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஒருநாள் ராத்திரி எங்கள் படகில் அதைத் திருப்பினால் பேச்சே இல்லை, யாருடைய இஞ்சின் சத்தமோ விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு படகில் மைக் பொத்தான் வலைக்கயிற்றுக்கு அடியில் அழுந்திக் கிடந்திருக்கிறது. அது விடுபடும்வரை சுற்றிலும் யாராலும் பேச முடியவில்லை. ஸ்பெக்ட்ரம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

லத்தீனில் ஸ்பெக்ட்ரம் என்றால் தோற்றம், ஆவியுருவம்கூட. 'பார்' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். 1672இல் வெளியான கடிதத்தில் ஐசக் நியூட்டன், முப்பட்டகத்தில் பிரிந்த வண்ணங்களை அந்தப் பெயரால் குறித்தார். அதற்குத் தமிழில் நிறமாலை, அருமையான சொல். ஆனால் ரேடியோ அலைக்கு ஏது நிறம்? அங்கேதான் அலைக்கற்றை பொருந்துகிறது. 2ஜி விவகாரத்தில், 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்த நாள்வரைக்கும், பத்திரிகைகள் எழுதி எழுதியே அந்தச் சொல்லை டீக்கடை வரை கொண்டுவந்துவிட்டன.

கற்றை என்றால் கட்டு, தொகுதி. மயிர்க்கற்றை, ஒளிக்கற்றை என்கிறோம். அதைப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கலாம், அதனால் எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். அலைவரிசையோடு மட்டும் குழப்பாதீர்கள்: மொத்தக் கட்டு அலைக்கற்றை, அதில் பேசப் பிரித்த ஒரு தடம் அலைவரிசை, நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது அதிர்வெண்.

பிடிக்கப் பிடிக்க மீன் குறையும், அலைக்கற்றை குறையாது, ஒருவர் பேசி முடித்த நொடியே முழுசாகத் திரும்பிவிடும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே தடத்தில் இரண்டு பேர் பேசினால்தான் சிக்கல். நம் கடலில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மற்ற நாளெல்லாம் நாட்டுப்படகுக்கு என்று பிரித்திருக்கிறோமே, அந்த மாதிரி நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது ஒரு வழி. வைஃபை வேறு வழியில் போகிறது, உரிமம் தேவையில்லாத 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும், யாரும் பேசவில்லை என்றால்தான் தான் பேசும்.

அப்புறம் சேவைத் தரம், ரவுட்டர் அமைப்பில் QoS (Quality of Service) என்று இருக்குமே, அதுதான். 2005இல் வந்த 802.11இ தரநிலை வைஃபை போக்குவரத்தை நான்கு வரிசையாகப் பிரித்தது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. குரலுக்குக் காத்திருப்பு குறைவு. தரம் என்ற சொல் உத்தரவாதம் மாதிரி ஒலிக்கிறது, கிடைப்பதோ முன்னுரிமை மட்டும்தான். ராமேஸ்வரத்தில் லாட்ஜுகள் நெருக்கியடிக்கும் தெருவில் பக்கத்துக் கட்டடத்து ரவுட்டரும் உங்கள் சேனலிலேயே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் குரலும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். அந்த வசதியை ஆன் செய்வதற்கு முன்னால் 1, 6, 11 என்ற ஒன்றோடொன்று உரசாத மூன்று சேனல்களில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து மாற்றிவிடுங்கள்.