மெனுவில் காணோமா? லினக்ஸை மறுபடி நிறுவ அவசரப்படாதீர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பழைய லேப்டாப்பைக் குப்பையில் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியவர்களை இங்கே சிங்கப்பூரில் என் பழுதுபார்க்கும் வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். சின்னக் கோளாறு வந்தாலும், "அண்ணே, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் கொடுத்திடுங்க" என்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். மெனுவிலிருந்து ஒரு நிரல் மறைவதற்கும், மாற்றிய அமைப்பு நிலைக்காமல் போவதற்கும் பெரும்பாலும் உங்கள் ஹோம் கோப்புறையில் (உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் இடம்) உள்ள சில சிறு கோப்புகளே காரணம். மொத்தமாக அழித்தால் பிள்ளைகளின் படங்களும் பாடங்களும் சேர்ந்தே போய்விடும்.

மெனுவில் தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'டெஸ்க்டாப்' என்று முடியும் ஓர் உரைக் கோப்பு உண்டு. எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். உங்களுக்கு மட்டுமானவை ஹோமுக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்' கோப்புறையில், 'ஷேர்', 'அப்ளிகேஷன்ஸ்' என்று உள்ளே போனால் கிடைக்கும். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் கோப்பு இருந்தால் உங்களுடையதுதான் செல்லுபடியாகும். மெனு எடிட்டரில் ஒரு நிரலை மறைத்தால் நிரல் அழிவதில்லை. 'நோடிஸ்ப்ளே' (காட்டாதே) என்ற வரியோடு ஒரு நகல் உங்கள் பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. லிப்ரே ஆபிஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் அது மெனுவில் தலைகாட்டாததற்கு இதுவே காரணம். நிறுவும் கருவி உங்கள் ஹோமைத் தொடுவதில்லை. கோப்பு மேலாளரில் கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும்; அந்த நகலைத் தேடி வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். பெயர் மெனுவுக்குத் திரும்பிவிடும்.

அமைப்புகள் நிலைக்காத கதை வேறு. ஈசூனில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துகிறார். மெனு பொத்தான் இருக்கும் பேனல் பட்டையை எங்கே நகர்த்தினாலும் மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிடும். கேட்டுப் பார்த்ததில், தம்ப் டிரைவிலிருந்த பழைய அமைப்புகளை 'சூடோ' போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, நகலெடுத்திருக்கிறார். அதனால் ஹோமில் அமைப்புகள் சேமிக்கப்படும் 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் இருந்தவை 'ரூட்' என்ற நிர்வாகிப் பயனரின் உடைமையாகிவிட்டன. அவருடைய கணக்கால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. திரையில் ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. 'சிஎச்ஓன்' கட்டளையால் அந்த ஒரு கோப்புறையின் உடைமையை அவர் பெயருக்கே மாற்றியதும் சரியாகிவிட்டது. இந்தக் கட்டளையை ஹோமுக்கு வெளியே ஓட்டவே ஓட்டாதீர்கள். கணினியே எழாமல் போகலாம்.

எக்ஸ்எஃப்சிஇ-யில் இன்னொன்று: அமைப்புக் கோப்பை நேரடியாகத் திருத்துவதென்றால் முதலில் லாக் அவுட் செய்யுங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்வரை அமைப்புகளைக் கவனிக்கும் 'எக்ஸ்எஃப்கான்ஃப்' என்ற சேவை எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருக்கும். உங்கள் திருத்தத்தின்மேல் பழையதையே எழுதிவிடும்.

தமிழ் இடைமுகத்துக்கு மாறுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மொழியை மாற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும், சில டெஸ்க்டாப் சூழல்களில் 'கோப்புறைப் பெயர்களையும் புதிய மொழிக்கு மாற்றட்டுமா' என்று ஒரு பெட்டி கேட்கும். சரி என்றால் புதுப் பெயரில் கோப்புறைகள் உருவாகும். பழையவற்றில் இருந்த கோப்புகள் அங்கேயே இருக்கும். மேசைத்திரையும் இப்படி ஒரு கோப்புறைதான். மேசைத்திரை வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து, எல்லாம் போயிற்று என்று கண்கலங்கி வந்தவர்கள் உண்டு. ஒன்றும் போகவில்லை. ஹோமைத் திறந்தால் பழைய கோப்புறை அப்படியே இருக்கும். அந்தப் பெட்டியில் பழைய பெயர்களையே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் என் பரிந்துரை. மெனுக்கள் தமிழில் வருவதற்கு அது தடையில்லை.

கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பிழை உங்கள் ஹோமில்தான். மறுபடி நிறுவத் தேவையே இல்லை. அங்கேயும் அதே கோளாறு என்றால், கணினியை எடுத்துக்கொண்டு உதவிக்கு வாருங்கள். வரும்போது கோப்புகளின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.