வெயில் வந்ததும் இன்ஹேலரை நிறுத்துகிறவர்களுக்கு

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியாமல், உதடு நீலம் பாரித்து வந்தார். நெபுலைசர் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, இளைப்பு ஒருவழியாக அடங்கிய பிறகு காரணம் கேட்டேன். "வெயில் காலம்தானே டாக்டர், சளியும் இல்லை. தினமும் போடுகிற இன்ஹேலரை இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட்டேன்."

ஆஸ்துமாவைக் குளிர்கால நோய் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. குளிரும் சளியும் அதைத் தூண்டும், அவ்வளவுதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கம்தான் நோய். சளி இல்லாதபோதும், நன்றாக மூச்சு விடுகிற நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கும். தடுப்பு இன்ஹேலர் அதற்குத்தான். நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. சில வாரம் நன்றாகவே போகும். ஏமாந்துபோவது அங்கேதான்.

பூமி சூடாகச் சூடாக, வெயில் நாட்களே நுரையீரலுக்குக் கெட்ட நாட்களாகி வருகின்றன. வாகனப் புகை கடும் வெயிலில், மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் ஓசோன் வாயுவாக மாறுகிறது. காட்டுத்தீப் புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருகிறது. வட அமெரிக்காவில் 2018இல், ஆஸ்துமாவைத் தூண்டும் மகரந்தம் காற்றில் பறக்கும் பருவம் 1990இல் இருந்ததைவிட ஏறக்குறைய 20 நாள் முன்னதாகவே தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016 நவம்பர் 21 நல்ல வெயில் நாள். மாலையில் இடியுடன் புயல் வந்தது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலுக்குள் இறங்கும் அளவுக்குப் பொடியானது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதுவரை இருந்தது மூக்கொழுகும் ஒவ்வாமை மட்டுமே. 'சும்மா தும்மல்தான் டாக்டர்' என்று வருபவரிடம் நான் இப்போது நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பது இதனால்தான்.

சரி, செய்ய வேண்டியவை. தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்த இன்ஹேலரையும் விட்டுவைக்காதீர்கள், மருந்து கெடும். ஓட்டமோ நடையோ காலையில் முடியுங்கள். ஓசோன் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். புகை சூழ்ந்த நாளில் ஜன்னலை மூடுங்கள். துணி முகக்கவசத்தை நம்பி வெளியே போகாதீர்கள், நுண்துகளுக்கு என்-95 வேண்டும். அதுவும் ஓசோனைத் தடுக்காது. உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா? வந்து காட்டுங்கள்.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பேசும்போது அவர்களுக்கு மூச்சு வாங்கினால், வெயில் களைப்பு என்று படுக்க வைத்துவிடாதீர்கள். அப்போதே அழைத்து வாருங்கள்.