கேட்டவுடன் புரிகிறது, முதலில் ஏன் தோன்றவில்லை?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆங்கில நாளிதழில் வரும், சொல் விளையாட்டால் விடையை மறைத்துவைக்கும் கிரிப்டிக் குறுக்கெழுத்தை அவர் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து முடிப்பது வழக்கமாம். “அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டும் எனக்குப் பிடிபடாத குறிப்பை என் தங்கை மகள் சட்டென்று அவிழ்த்துவிடுகிறாள். அவள் சொன்ன மறுகணமே ‘அட, இதுதானே!’ என்று ஆகிவிடுகிறது. இவ்வளவு எளிதானது எனக்கு ஏன் தோன்றவில்லை? பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட விடை என் விடையாகுமா?” என்று கேட்கிறார்.

முதல் கேள்வியை உளவியலாளர்கள் நெடுங்காலமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வி அறிவியலுக்கு அப்பாற்பட்டது போலத் தோன்றினாலும் அதற்கும் பதில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாகத் தமிழிலேயே ஒரு குறிப்பைப் பார்ப்போம்.

நிலா வரும் நாள் (4).

அடைப்புக்குறியில் இருப்பது விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை. மெய்யோ உயிர்மெய்யோ, கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெரும்பாலோருக்கு உடனே தோன்றுவது பௌர்ணமி. பௌ, ர், ண, மி என நான்கு எழுத்துகளும் கச்சிதமாக உட்காருகின்றன. ஆனாலும் அது விடை அன்று. விடை, திங்கள். நிலாவுக்கும் அதுதான் பெயர், வாரத்தின் ஒரு நாளுக்கும் அதுதான் பெயர். நடுவில் இருக்கும் ‘வரும்’ இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு மட்டுமே.

பௌர்ணமி ஏன் தவறு என்பதில்தான் இந்தப் புதிர்க்கலையின் உயிர் இருக்கிறது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் நேரடிக் குறிப்புகளே இருந்தன. புதிர் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போன பிறகு அதன் குணம் மாறியது. 1926 முதல் அப்சர்வர் இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் அமைத்த புதிர்கள் படிப்பவரை வேண்டுமென்றே திசைதிருப்பின. அவருக்குப் பின் வந்த ஸிமெனிஸ் அதற்கு இலக்கணம் வகுத்தார். நல்ல குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் ஒன்று இருக்க வேண்டும், அதே விடைக்குச் சொல் விளையாட்டின் வழியே போகும் பாதை ஒன்று இருக்க வேண்டும், வேறு எதுவும் இருக்கக் கூடாது. அஃப்ரிட் என்ற இன்னொரு புதிர் ஆசிரியர் 1949-இல் இதற்கு ஓர் அறநெறியையே வகுத்துவிட்டார்: புதிர் அமைப்பவர் தாம் சொல்வதைக் கருத வேண்டியதில்லை, ஆனால் கருதியதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆக, ஒரே விடைக்கு இரண்டு பாதைகள். “பல கரம் சேர்ந்து அறுத்தெடுத்த மரத்துண்டு (3)” என்றால் கடைசி இரு சொற்களும் நேர்ப்பொருள். ‘பல’ என்பதோடு கரத்தைக் குறிக்கும் ‘கை’ சேர்ந்தால் பலகை. ஒன்றையொன்று அறியாத இரு வழிகள் ஒரே இடத்தில் வந்து முட்டினால் தற்செயல் என்பதற்கு இடமில்லை. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் முந்தைய பதினோரு இலக்கங்களைச் சரிபார்ப்பதைப் போல, இப்படி மறைத்துச் சொல்லும் குறிப்பு, அதாவது மறைகுறிப்பு, தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. பௌர்ணமிக்கு ஒரே பாதைதான் உண்டு. அதனால்தான் அது தோற்றது.

இந்த வித்தைகள் நமக்கு அந்நியமும் அல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பட்டியலிடும் சித்திரகவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுச் செய்யுள்களில், எழுத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எழுத்து வருத்தனம் இருக்கிறது, எழுத்தை நீக்கிக்கொண்டே போகும் அக்கரச்சுதகம் இருக்கிறது, ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுள் இருக்கிறது. “தலையிழந்த நகரத்தின் கை (3)” என்று இன்று ஒருவர் குறிப்பு எழுதினால் அது அக்கரச்சுதகத்தின் பேரன்தான். நகரம் தலையை இழந்தால் கரம்.

இனி, விடை ஏன் தோன்றுவதில்லை? இன்னொரு குறிப்பு: “கலவை குழம்பியதால் வந்த விசாரம் (3)”.

படித்ததும் மனத்தில் என்ன வருகிறது? கொத்தனார் குழைக்கும் சிமெண்டுக் கலவை, தண்ணீர் அதிகமாகிக் கெட்டுப்போனது, வீட்டுக்காரரின் வருத்தம். படம் முழுமையாக இருக்கிறது. அந்த முழுமைதான் சிறை. விடை ‘கவலை’. க, ல, வை என்ற எழுத்துகளைக் குழப்பி அடுக்கினால் க, வ, லை வருமா என்று எழுத்தெண்ணிப் பார்ப்பவர்கள் மறுப்பார்கள், அது நியாயமான மறுப்பு. உயிர்மெய்யை முழு எழுத்தாகக் கொண்டால் ‘வை’யை உடைத்து ஐகாரத்தை ‘ல’வின் மேல் ஏற்ற முடியாது. தமிழ்ப் புதிர் அமைப்பவர் இங்கே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: எழுத்தைக் கலைப்பதா, அதையும் பிளந்து ஒலியைக் கலைப்பதா? ஒலியளவில் பார்த்தால் வ், ல் என்ற இரு மெய்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன, உயிர்கள் அசையவே இல்லை. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. தமிழில் ஒரு சொல்லை உடைக்க இரண்டு அடுக்குகள் உண்டு, இரண்டாவது அடுக்கு முதலாவதைவிடக் கெட்டியானது.

‘கெட்டி’ என்று நான் சொல்வதை ஒரு சோதனை அழகாக அளந்து காட்டியது. 1999-இல் குந்தர் நோப்லிக், ஸ்டெல்லன் ஓல்சன் உள்ளிட்ட உளவியலாளர்கள் தீக்குச்சிகளால் ரோமன் எண் சமன்பாடுகளை அமைத்தார்கள். ஒரே ஒரு குச்சியை மாற்றிச் சமன்பாட்டைச் சரியாக்க வேண்டும். ‘நான்கு சமம் மூன்று கூட்டல் மூன்று’ (IV = III + III) என்று இருந்தால், ஐந்துக்கு இடப்பக்கம் நிற்கும் குச்சியை வலப்பக்கம் வைத்து ஆறாக்கிவிடலாம். மக்கள் இதை எளிதில் கண்டுபிடித்தார்கள். ‘பதினொன்று சமம் மூன்று கூட்டல் மூன்று’ (XI = III + III) என்று கொடுத்தபோது திணறினார்கள். அங்கே பத்தைக் குறிக்கும் பெருக்கல் வடிவத்தின் ஒரு குச்சியைச் சரித்து ஐந்தாக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலை அதே ஒரு குச்சிதான். ஆனால் முதல் கணக்கில் பிரிக்க வேண்டிய துண்டுகளுக்குத் தனித்தனியே பொருள் உண்டு: ஒன்று, ஐந்து. பத்தின் குறுக்குக் குச்சிகளுக்குத் தனியே பொருள் கிடையாது. பொருளற்ற துண்டுகளாக ஒரு வடிவத்தைப் பிரிக்க மூளை மறுக்கிறது.

இந்த மறுப்பு சோம்பல் அல்ல, கற்றதன் விளைவு. பள்ளியில் ‘க… ல… வை…’ என்று எழுத்துக்கூட்டிப் படித்த குழந்தை, வளர வளரச் சொல்லை ஒரே உருவமாகப் பார்க்கப் பழகுகிறது. படித்த கண்ணால் படிக்காமல் இருக்க முடியாது. சிவப்பு மையில் எழுதிய ‘பச்சை’ என்ற சொல்லின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும் என்பதை உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-லேயே காட்டிவிட்டார். புதிர் அமைப்பவர் நம் அறியாமையைப் பயன்படுத்துவதில்லை, நம் தேர்ச்சியைப் பயன்படுத்துகிறார். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்தான் நன்றாக மாட்டிக்கொள்கிறார். இந்த இடம் எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் இனிக்கிறது.

சிறை உடையும் கணத்தையும் ஆய்வாளர்கள் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்க் பீமன், ஜான் கூனியஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்புதிர்களைத் திடீர் வெளிச்சமாகத் தீர்த்தவர்களின் மூளையில், காதையொட்டிய வலப்பக்கப் பொட்டு மடலின் முன்பகுதியில், விடை தெரிந்ததாகச் சொல்வதற்குச் சுமார் 0.3 விநாடி முன்பு காமா அலைகள் என்னும் வேகமான மின்னலைகள் எழுந்தன. இதை வைத்து ‘வலது மூளையை எழுப்புகிறோம்’, ‘நடுமூளையைத் திறக்கிறோம்’ என்று குழந்தைகளின் கண்ணைக் கட்டிப் பணம் பறிக்கும் வகுப்புகளை நம்பாதீர்கள். கண்ணைக் கட்டினால் குழந்தை மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். சொற்புதிர் தீர்க்க மூளையின் இரு பக்கங்களும் வேண்டும், அகராதியும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

அந்த வகுப்புகளில் பெற்றோர் கொட்டும் பணம் ஆய்வுக்குப் போகலாகாதா என்று ஏங்குகிறேன். வாசிப்பு பற்றிய சோதனைகள் ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் நடந்தவையே மிகுதி. 247 எழுத்துகள் கொண்ட, மெய்யும் உயிரும் ஒரே உருவில் ஒட்டிக்கிடக்கும் ஓர் எழுத்துமுறையில் மூளை சொல்லை எந்த இடத்தில் பிளக்கிறது என்பது ஆராயத் தகுந்த, நம்மால் ஆராயக்கூடிய கேள்வி. இதற்குப் பெரிய கருவிகள் கூடத் தேவையில்லை. ‘புதிரை ஆராய்ந்து என்ன பயன்’ என்று நிதிக்குழுவில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாசிக்கத் திணறும் குழந்தை எங்கே திணறுகிறது என்பதும் இதே கேள்விதான்.

சரி, அந்தத் தங்கை மகளுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது? அவள் உங்களைவிட அறிவாளியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு குறிப்பைத் தனியே அவிழ்க்க ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் தோற்கும் வாய்ப்பு 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 24 விழுக்காடு. அப்படியென்றால் யாராவது ஒருவருக்குப் பிடிபடும் வாய்ப்பு 76 விழுக்காடு. மாயம் எதுவும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு நால்வரும் தனித்தனியே சிந்தித்தால் மட்டுமே செல்லும். முதல் ஆள் “பௌர்ணமி!” என்று கூவிவிட்டால் மற்ற மூவரின் மனத்திலும் வானத்து நிலா ஏறி உட்கார்ந்துவிடுகிறது. நான்கு மூளைகள் ஒரே சிறைக்குள் போய்விடுகின்றன. நினைவுச் சோதனைகளில் இதன் உறவினர் ஒன்று உண்டு. ஒரு பட்டியலைக் கூடி உட்கார்ந்து நினைவுகூர்பவர்கள், தனித்தனியே எழுதிப் பின்னர் சேர்த்த அதே எண்ணிக்கையினரைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள். ஒருவர் போகும் வழி மற்றவரின் வழியைக் கலைத்துவிடுகிறது. ஆகவே முதல் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் அவரவர் தாளில் எழுதுங்கள். அதன் பிறகு பேசுங்கள்.

பேசத் தொடங்கியதும் மறைகுறிப்பு கூட்டத்துக்கு மிகச் சாதகமாகிவிடுகிறது. பேட்ரிக் லாஃப்லின் போன்ற குழு உளவியலாளர்கள் காட்டியது இது: விடை சரி என்று மற்றவர்களுக்கு மெய்ப்பித்துக் காட்டக்கூடிய கேள்விகளில், சரியான விடை கண்டவர் ஒருவர் இருந்தாலே பெரும்பாலும் போதும். மெய்ப்பிக்க முடியாத கேள்விகளில் பெரும்பான்மையின் பக்கம் சாய்கிறார்கள். திங்கள் என்று வீட்டின் இளையவள் மெதுவாகச் சொன்னாலும் இரண்டு பாதைகளும் வந்து சேர்வதைக் காட்டிவிட்டால் பெரியவர்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். குறுக்கே வரும் சொல் மூன்றாம் கட்டத்தில் ‘க’ என்று எழுதிவிட்டால் பௌர்ணமிக்கு அப்பீலும் கிடையாது.

வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். தங்கை மகள் ‘திங்கள்’ என்றபோது நீங்கள் அதை நம்பவில்லை, சரிபார்த்தீர்கள். நிலா, ஆம்; நாள், ஆம். அந்தச் சரிபார்ப்பு உங்கள் தலைக்குள் நடந்தது, அவளுடைய அதிகாரத்தால் நடக்கவில்லை. அதுவரை ஒரே படமாக இருந்த வாக்கியம் உங்கள் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்தது. பிளந்தபின் அதை மீண்டும் ஒட்டிப் பார்க்க முடியாது, அதனால்தான் ‘இவ்வளவு எளிதா’ என்று தோன்றுகிறது. விடையைக் காண்பது அவள் பங்கு, விடை என்று உறுதிசெய்தது உங்கள் பங்கு. இரண்டும் இல்லாமல் அந்தக் கட்டம் நிரம்பாது.

உதவி கேட்பதிலும் ஒரு நயம் உண்டு. விடையைக் கேட்காதீர்கள். நேர்ப்பொருள் எந்தச் சொல்லோடு முடிகிறது என்று மட்டும் கேளுங்கள். வெட்ட வேண்டிய இடம் தெரிந்துவிட்டால் மீதி வேலையை உங்கள் மூளை ஆவலோடு செய்யும். இதோ, நால்வரும் தனித்தனித் தாளில் தொடங்குவதற்கு ஒன்று:

கடிக்கச் சொல், உறைப்பு நேரம் காட்டும் (5).