சுவருக்குள் கேபிள் ஏன் சிக்குகிறது?

வீடு கட்டி நாலைந்து வருடம் கழித்து மாடி அறைக்கு ஒரு இன்டர்நெட் கேபிள் தேவைப்படும். சுவருக்குள்தான் பைப் இருக்கிறதே, விட்டு இழுத்தால் வந்துவிடும் என்று நினைப்போம். எலக்ட்ரீஷியன் ஸ்பிரிங்கை, அதாவது பைப்புக்குள் வழி பிடிக்கும் நீளமான வளையும் கம்பியை, விடுவார். எப்படியோ மறுமுனையில் தலைகாட்டிவிடும். அதில் கேபிளைக் கட்டி இழுத்தால் முதல் பெண்டு (பைப் திரும்பும் வளைவு) தாண்டும், இரண்டாவதும் தாண்டும், அப்புறம் அசையாது. "பைப் அடைச்சிருக்கு சார்" என்பார். பல சமயம் பைப் சுத்தமாகத்தான் இருக்கும். அடைத்து நிற்பது உராய்வு.

நேராக ஓடும் பைப்பில் இழுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இன்டர்நெட்டுக்குப் போடும் கேட் 6 வகைக் கேபிள் 10 மீட்டரின் எடையே அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். அந்த எடை பைப்பின் அடியில் உரசுவதுதான் மொத்தத் தடை. வளைவில் கதை மாறுகிறது. இழுக்கும்போது கேபிள் வளைவின் உட்பக்கத்தை அழுத்துகிறது. பலமாக இழுத்தால் பலமாக அழுத்தும்; அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும்; அதை வெல்ல இன்னும் பலமாக இழுக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு வளைவும் இழுவிசையோடு ஒரு அளவைக் கூட்டுவதில்லை, அதைப் பெருக்குகிறது.

துறைமுகத்தில் கப்பல் கயிற்றை ஒரு கட்டையில் மூன்று நாலு சுற்று சுற்றிவிட்டு ஒற்றை ஆள் பிடித்து நிறுத்துவது இந்தப் பெருக்கலை நம்பித்தான். இதன் கணக்குக்கு ஆய்லர்-ஐட்டல்வைன் சமன்பாடு என்று பெயர். நம் வீட்டுப் பைப்புக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். பி.வி.சி. பைப்புக்குள் கேபிளின் உராய்வு எண், அதாவது எவ்வளவு உரசும் என்பதன் அளவு, 0.35 என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 1 கிலோ இழுவை இருந்தால், ஒரு 90 டிகிரி பெண்டு தாண்டியதும் அது 1.7 கிலோ ஆகும். இரண்டு பெண்டுக்கு 3 கிலோ, மூன்றுக்கு 5.2, நாலுக்கு 9. நாலு ஜோடி கொண்ட நெட்வொர்க் கேபிளை 110 நியூட்டனுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது விதி. அதாவது ஏறக்குறைய 11 கிலோ. நாலாவது பெண்டிலேயே எல்லையை நெருங்கிவிட்டோம். நெட்வொர்க் வயரிங்கில் இரண்டு பெண்டுக்கு ஒரு பாக்ஸ் வைக்கச் சொல்வது இதனால்தான். பாக்ஸில் கேபிளை வெளியே எடுத்து மறுபடி விட்டால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சமன்பாட்டில் வளைவின் ஆரத்துக்கு இடமே இல்லை. அகலமான பெண்டானாலும் குறுகிய எல்போவானாலும், மொத்தம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதே பேச்சு. அதற்காக எல்போ போட்டால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறுகிய வளைவில் அதே விசை சின்ன இடத்தில் குவிந்து கேபிளை நசுக்கும். கேட் 6 கேபிளை அதன் விட்டத்தைப் போல் நாலு மடங்கு ஆரத்துக்குக் கீழ் வளைக்கக் கூடாது. 6 மி.மீ. கேபிள் என்றால் 24 மி.மீ.

உராய்வு எண்ணைக் குறைத்தால் என்ன ஆகும்? நாலு பெண்டு உள்ள பைப்பில் அது 0.5 ஆக இருந்தால் விசை 23 மடங்கு பெருகும். 0.25 ஆகக் குறைந்தால் 5 மடங்கைக்கூடத் தொடாது. எலக்ட்ரீஷியன் கேபிள்மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுவதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். அவர் செய்வது சுத்தமான இயற்பியல். எண்ணெயும் கிரீஸும் மட்டும் வேண்டாம், பி.வி.சி. உறைக்கு ஆகாது. எந்தப் பக்கத்திலிருந்து விடுகிறோம் என்பதும் முக்கியம். பெண்டுகள் அருகில் இருக்கும் முனையிலிருந்து கேபிளை உள்ளே விட்டு, எதிர்முனையில் இழுக்க வேண்டும். விசை சின்னதாக இருக்கும்போதே பெருக்கல் முடிந்துவிடும்.

சரி, இத்தனை பெண்டு எங்கிருந்து வந்தது? குறுக்கே நேராகக் காடி வெட்டிப் பைப்பைக் கொண்டுபோயிருக்கலாமே? செங்கல் சுவர் பாரத்தை மேலிருந்து கீழே கடத்துகிறது. குறுக்குக் காடி அந்தப் பாதையையே அறுக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1905-இன்படி செங்குத்துக் காடியின் ஆழம் சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், குறுக்குக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. 9 இன்ச் சுவரில் குறுக்கே ஒன்றரை இன்ச். நாலரை இன்ச் சுவரில் முக்கால் இன்ச், அதாவது 19 மி.மீ.; 20 மி.மீ. பைப்பே அதில் அடங்காது. அதனால் பைப் சுவரில் நேராக மேலே ஏறி, தளத்துக்குள் திரும்பி, அடுத்த அறைக்கு ஓடி, மறுபடி திரும்பிக் கீழே இறங்குகிறது. நடுவில் ஒரு பீம் வந்தால் இன்னும் இரண்டு பெண்டு.

பைப் நிஜமாகவே அடைபடும் இடமும் அந்தத் தளம்தான். கான்கிரீட் போடுவதற்கு முன்பு கம்பிகளுக்கு இடையே பைப்பை விரித்துக் கட்டுவார்கள். மறுநாள் அதன்மேல் சட்டி சட்டியாகக் கலவை விழும், ஆட்கள் மிதிப்பார்கள், வைப்ரேட்டர் அதிரும். சொல்யூஷன் சரியாகப் பூசாத ஒரு இணைப்பு விலகினால் சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிடும். அந்தப் பைப் அன்றோடு முடிந்தது.

எத்தனை கேபிள் விடலாம் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதம் வரை நிரப்பலாம் என்பது பொதுவான கணக்கு. 20 மி.மீ. பைப்பின் உள்விட்டம் சுமார் 17 மி.மீ.; அந்தக் கணக்குப்படி 6 மி.மீ. கேபிள் மூன்று போகும். ஆனால் வளைவில் மூன்றும் பக்கவாட்டில் வரிசையாக நின்றால் 18 மி.மீ. ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும். பைப்பின் உள்விட்டம் கேபிளின் விட்டத்தைப் போல் 2.8 முதல் 3.2 மடங்கு வரை இருந்தால் மூன்று கேபிள் விடவே கூடாது. 25 மி.மீ. பைப் போட்டுவிடுங்கள், விலை வித்தியாசம் சொற்பம்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே நெட் கேபிளையும் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. "சிக்னல் கெட்டுப்போகும்" என்று பதில் வரும். அது பாதி உண்மைதான். நெட் கேபிளுக்குள் ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் முறுக்கப்பட்டிருக்கும். 1881-இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உத்தி அது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் உயிர். இழுக்கும்போது உறை உரிந்து 230 வோல்ட் அந்தக் கேபிளில் ஏறினால், அது ரூட்டருக்கு வரும், அதைத் தொடும் கைக்கும் வரும். தனிப் பைப்தான் சரி.

முறுக்குதான் அந்தக் கேபிளின் உயிர் என்பதால் முரட்டு இழுப்பு அதற்கு ஆகாது. முறுக்கு நெகிழ்ந்தாலும், ஒரு கம்பி அறுந்தாலும், பல சமயம் ரூட்டரில் விளக்கு எரியும், நெட்டும் வரும். ஆனால் ஜிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். கருவி பெரும்பாலும் சத்தமில்லாமல் அந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். புதுக் கேபிள் போட்டும் வேகம் 95 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் இணைய நிறுவனத்துக்குப் போன் போடுவதற்கு முன்பு கணினியில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

ஸ்பிரிங்கும் போகாத பைப்பில், பாலித்தீன் பை துண்டு ஒன்றை நூலில் கட்டி ஒரு முனையில் வைத்து, மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சிப் பார்க்கலாம். காற்று வந்தால் நூலும் வரும். நூலில் கயிறு, கயிற்றில் கேபிள். கேபிளோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் இழுத்து உள்ளேயே விட்டுவிடச் சொல்லுங்கள், அடுத்த கேபிளுக்கு ஆகும்.