நீலத்தாள் விடுவிப்பு

அமெரிக்கத் தரைப்படையில் ஒரு காலத்தில் ‘புளூ டிஸ்சார்ஜ்’ என்ற பணிவிடுவிப்பு இருந்தது. அதற்கான சான்றிதழை நீலத் தாளில் அச்சிட்டதால் வந்த பெயர். வீரர்கள் பேச்சுவழக்கில் ‘புளூ டிக்கெட்’ என்றார்கள். ‘சீட்டைக் கிழித்துவிட்டார்கள்’ என்கிறோமே, ஏறக்குறைய அதே தொனி.

1916-ல், அதற்குமுன் இருந்த இரண்டு வகைகளுக்கு மாற்றாக இது வந்தது. கௌரவமான விடுவிப்பிலும் சேராது, கௌரவமற்ற விடுவிப்பிலும் சேராது. சூட்சுமமே அந்த இடைநிலையில்தான். கௌரவமற்றவர் என்று ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும். நீலத்தாளுக்கு விசாரணை தேவையில்லை. அதிகாரிகள் குழு கூடி, படைக்கு ஒவ்வாதவர் என்று முடிவு செய்தால் போதும்.

இரண்டாம் உலகப்போரில், தன்பாலீர்ப்பு உடையவர்கள் என்று கண்டறியப்பட்ட அல்லது வெறுமனே சந்தேகிக்கப்பட்ட வீரர்களை வெளியேற்ற இந்தத் தாள் மிக வசதியாக இருந்தது. கறுப்பின வீரர்களுக்கு எதிராகவும் தாராளமாகப் பயன்பட்டது. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை வழங்கிய 48,603 நீலத்தாள்களில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. அப்போது படையில் அவர்களின் பங்கு சுமார் 6.5 சதவீதம். ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பின மக்களின் வார இதழ் இதை எதிர்த்துப் பெரும் இயக்கமே நடத்தியது.

தாளை வாங்கியவர் ஊர் திரும்பினால் வேலை கிடைப்பது அரிது. நீல நிறத்தைப் பார்த்ததுமே முதலாளிகளுக்கு விஷயம் புரிந்துவிடும். 1944-ன் முன்னாள் படைவீரர் நலச் சட்டம் கௌரவமற்ற விடுவிப்பு பெற்றவர்களைத்தான் விலக்கியது. ஆனாலும் தன்பாலீர்ப்பின் பெயரால் நீலத்தாள் பெற்றவர்களுக்குக் கல்வி உதவியோ கடனோ கிடையாது என்று அச்சட்டத்தை நடைமுறைப்படுத்திய துறை 1945-ல் சுற்றறிக்கை விட்டது. சட்டத்தில் இல்லாத தண்டனையைச் சுற்றறிக்கை கொடுத்தது.

இதைத் தமிழில் ‘நீலப் பணிநீக்கம்’ என்று எழுதினால் பிழையாகும். பணிநீக்கம் என்றாலே குற்றச்சாட்டு, விளக்கம் கேட்பது, விசாரணை எல்லாம் நம் நினைவுக்கு வரும். இங்கே அந்தக் குறைந்தபட்ச மரியாதைகூட நடக்கவில்லை. ‘நீலத்தாள் விடுவிப்பு’ பொருத்தம். பேச்சுநடைக்கு ‘நீலச் சீட்டு’ போதும். ‘ஓரினச் சேர்க்கையாளர்’ என்ற சொல்லையும் தவிர்க்கலாம். அது செயலைச் சுட்டுகிறது. படையோ செயலை நிரூபிக்காமல் இயல்பை வைத்தே ஆளை அனுப்பியது. ஆகவே தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் என்பவையே இங்கே சரி.

1947-ல் நீலத்தாள் ஒழிந்தது. ‘பொது விடுவிப்பு’, ‘விரும்பத்தகாதவர் விடுவிப்பு’ என்று இரண்டு புதிய பெயர்கள் வந்தன. தன்பாலீர்ப்பாளர்கள் பலருக்கு இரண்டாவதே வாய்த்தது. வெளிப்படையாகப் பணியாற்றுவதற்கான தடை 2011 செப்டம்பர் 20 அன்றுதான் நீங்கியது. பழைய சான்றிதழ்கள் அன்றைக்குத் தானாக மாறிவிடவில்லை. திருத்தம் வேண்டியவர்கள் அதற்கென உள்ள வாரியத்துக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.